கேட்கத் தெரியாத பேச்சாளர்

1917-ம் வருடம் ஜூன் 24-ம் தேதி சென்னையிலிருந்து அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்கு ஒருவர் கடிதம் எழுதினார். பெயர் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர். மதுரைக்காரர். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, தலைமை நீதிபதி பொறுப்பையும் இடையிடையே கவனித்து, 1907-ல் ஓய்வு பெற்றவர். கடிதம் எழுதும்போது வயது 74. ஹோம் ரூல் லீக்கின் கௌரவத் தலைவர். அந்த லீக்கை நடத்திய அன்னி பெசன்ட்டை அரசாங்கம் அந்த மாதம்தான் காவலில் வைத்திருந்தது. யுத்த காலம் என்பதால் தபாலில் போட்டால் தணிக்கையில் மாட்டிக்கொள்ளும். அதனால் பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஹாச்னர் என்ற அமெரிக்கத் தம்பதியிடம் கையோடு கொடுத்தனுப்பினார்.

கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். ஜனநாயகத்தைக் காப்பாற்றவே போரில் இறங்கினோம் என்கிறீர்கள். உங்கள் கூட்டாளி எங்களை ஆளும் லட்சணத்தைக் கொஞ்சம் பாருங்கள். இந்தியாவுக்கு சுயாட்சி தருவதாக உடனே வாக்குறுதி கிடைத்தால் மூன்று மாதத்தில் 50 லட்சம் பேர் போர்முனைக்கு வருவார்கள், அதற்கடுத்த மூன்று மாதத்தில் இன்னொரு 50 லட்சம்.

கணக்கு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் லண்டனை உறுத்தியது கணக்கு இல்லை. அடுத்த வருடம் பிரிட்டிஷ் பார்லிமென்ட்டில் விஷயம் வெடித்தது. இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு அதை வெட்கக்கேடான கடிதம் என்றார். பெரியவர் அசரவில்லை. சர் பட்டம், திவான் பகதூர் பட்டம் இரண்டையும் துறந்துவிட்டார்.

உட்ரோ வில்சனைப் பற்றி நான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது இந்தக் கடிதத்தால்தான். வாழ்நாளெல்லாம் சாட்சி சொல்பவனின் பேச்சை நிறுத்துப் பார்த்தே பழகிய ஒரு நீதிபதி, முன்பின் பார்த்திராத ஒரு வெளிநாட்டுக்காரரை இவ்வளவு நம்பினார் என்றால், அந்த மனிதர் அப்படி என்னதான் பேசியிருப்பார்? படித்த பிறகு எனக்குத் தோன்றியது இது: வில்சன் பேசியது உண்மையிலேயே பெரிய பேச்சு. அதைக் கேட்டவர்கள் ஏமாளிகள் இல்லை. ஆனால் பேசியவருக்கு எதிராளி பேசுவதைக் கேட்கிற பழக்கம் மட்டும் கடைசிவரை வரவே இல்லை. அவருடைய வெற்றி பேச்சிலிருந்து வந்தது, தோல்வி காதிலிருந்து வந்தது.

பேச்சு அவர் வீட்டுச் சொத்து. 1856-ல் வர்ஜீனியாவில் ஸ்டான்டன் என்ற ஊரில், ஒரு பிரஸ்பிட்டேரியன் பாதிரியார் வீட்டில் பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஜார்ஜியாவில் அகஸ்டாவுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா ஜோசப் வில்சன் அடிமை முறைக்கு பைபிளில் ஆதாரம் காட்டிப் பிரசங்கம் செய்தவர். உள்நாட்டுப் போரில் அவருடைய தேவாலயமே காயம்பட்ட தென்னகச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி ஆனது. நான்கு வயதுகூட நிரம்பாத பையன் வாசல் கேட்டருகே நிற்கும்போது தெருவில் போன யாரோ, ‘லிங்கன் ஜெயித்துவிட்டார், இனி சண்டைதான்’ என்று சொன்னார்களாம். வில்சனின் முதல் ஞாபகம் அது. பத்து வயதுவரை சரியாகப் படிக்க வரவில்லை. அதனால் காதால் கேட்டும் வாயால் சொல்லியும்தான் கற்றார். அப்பா ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி, அதைப் பிரித்துக் காட்டித் திருத்துவார். வளர்ந்த பிறகு தன் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எழுதி, தானே டைப்ரைட்டரில் அடித்துக்கொண்ட அதிபர் இவர்.

வக்கீல் தொழிலை அட்லாண்டாவில் கொஞ்ச நாள் செய்து பார்த்தார். ஒட்டவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போய் முனைவர் பட்டம் வாங்கினார். முனைவர் பட்டம் பெற்ற ஒரே அமெரிக்க அதிபர் இன்றுவரை இவர்தான். பிறகு பிரின்ஸ்டனில் பேராசிரியர், 1902-லிருந்து அதன் தலைவர்.

வில்சனைப் புரிந்துகொள்ள வெள்ளை மாளிகையைவிட பிரின்ஸ்டன் நல்ல இடம். முதலில் எல்லாம் அமோகமாகப் போனது. மாணவர்கள் சிறு சிறு குழுக்களாக உட்கார்ந்து ஆசிரியரோடு விவாதித்துப் படிக்கிற முறையைக் கொண்டுவந்தார். கல்லூரியின் தரமே மாறியது. அடுத்ததாக, பணக்கார வீட்டுப் பையன்கள் தனித்தனியாக வைத்திருந்த சாப்பாட்டு கிளப்புகளைக் கலைத்துவிட்டு எல்லோரையும் ஒன்றாகக் குடியமர்த்த நினைத்தார். நல்ல யோசனை. ஆனால் யாரையும் கலந்து பேசவில்லை. பழைய மாணவர்கள் கொதித்தார்கள், திட்டம் படுத்தது. அப்புறம் பட்டமேற்படிப்புக் கல்லூரியை எங்கே கட்டுவது என்று டீன் ஆண்ட்ரூ வெஸ்ட்டோடு சண்டை. கட்டடம் எங்கே நின்றால் என்ன என்று நமக்குத் தோன்றும். வில்சன் அதை ஜனநாயகத்துக்கும் பணத்திமிருக்கும் நடக்கும் தர்மயுத்தமாக மாற்றிவிட்டார். சமரசத்துக்கு வழி இருந்தும் இறங்கவில்லை. 1910-ல் ஒரு பணக்காரர் இறந்து, பெரும் சொத்தைக் கல்லூரிக்கு எழுதி வைத்து, வெஸ்ட்டையே அதற்குப் பொறுப்பாளராகவும் போட்டுவிட்டார். ‘உயிரோடிருப்பவர்களை ஜெயித்துவிட்டோம், செத்தவர்களோடு எப்படிச் சண்டை போடுவது’ என்று வில்சன் மனைவியிடம் சிரித்தாராம். ஒன்பது வருடம் கழித்து செனட்டில் நடந்தது இதே நாடகத்தின் பெரிய மேடை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பிரின்ஸ்டன் கதையைப் படித்தவர்களுக்கு அதை மறுக்க மனம் வராது.

தோற்ற தலைவரை அரசியல் தூக்கிக்கொண்டது. 1910-ல் நியூ ஜெர்சி கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். கட்சி முதலாளிகள் சொன்னதைக் கேட்பார் என்று நினைத்து நிறுத்தினார்கள். வந்ததும் அவர்களையே வெட்டிவிட்டார். 1912-ல் ஜனநாயகக் கட்சி மாநாடு பால்டிமோரில் 46 சுற்று வாக்கெடுத்த பிறகுதான் அவரை அதிபர் வேட்பாளர் ஆக்கியது. எதிரே குடியரசுக் கட்சி இரண்டாக உடைந்து கிடந்தது. பதவியில் இருந்த டாஃப்ட் ஒரு பக்கம், அவரை உருவாக்கி பிறகு அவரோடு முறைத்துக்கொண்ட தியோடர் ரூஸ்வெல்ட் இன்னொரு பக்கம். வில்சனுக்கு விழுந்தது 42 சதவீதம் வாக்குதான். ஆனால் அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் வாக்குகளில் பெரும்பான்மை, 435.

அடுத்த ஒன்றரை வருடம் அமெரிக்க ஆட்சி வரலாற்றில் அபூர்வமான காலம். 1913 ஏப்ரல் 8-ம் தேதி அவரே காங்கிரஸ் அவைக்கு நேரில் போய்ப் பேசினார். ஜெஃபர்சன் காலத்திலிருந்து நூறு வருடத்துக்கு மேலாக அதிபர்கள் எழுதித்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், குமாஸ்தா வாசிப்பார். இன்று வருடா வருடம் அதிபர் வந்து நின்று பேச, ஒரு பக்கம் எழுந்து கைதட்ட, மறுபக்கம் உம்மென்று உட்கார்ந்திருக்க, நாம் டிவியில் பார்க்கிறோமே, அந்தச் சடங்கைத் திரும்பத் தொடங்கிவைத்தது வில்சன்.

வெறும் பேச்சோடு நிற்கவும் இல்லை. இறக்குமதித் தீர்வையைக் குறைத்தார். அதில் போகும் வருமானத்துக்கு ஈடாக வருமான வரி வந்தது. தனிநபருக்கு 3,000 டாலருக்கு மேல் 1 சதவீதம், பெரும் பணக்காரர்களுக்கு உச்சபட்சம் 7 சதவீதம். அன்று பெரும்பாலான அமெரிக்கர்கள் அந்த வரம்புக்குள் வரவே மாட்டார்கள். (போர் வந்ததும் 1918-ல் உச்ச விகிதம் 77 சதவீதத்துக்குப் போனது. வரி என்பது ஒருமுறை வாசலுக்குள் வந்துவிட்டால் அவ்வளவுதான்.) 1913 டிசம்பர் 23-ம் தேதி ஃபெடரல் ரிசர்வ் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன்னால் எழுபது வருடத்துக்கு மேலாக அமெரிக்காவுக்கு மத்திய வங்கியே கிடையாது. 1907-ல் வங்கிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தபோது ஜே.பி. மார்கன் என்ற தனிமனிதர் நியூயார்க்கில் தன் வீட்டு நூலகத்தில் வங்கியாளர்களை உட்கார வைத்துப் பணம் புரட்டிச் சமாளித்தார். ஒரு நாட்டின் நாணயம் ஒரு கிழவரின் தயவில் நிற்பதா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. வங்கிக்காரர்கள் தங்கள் கையில் ஒரே மத்திய வங்கி வேண்டும் என்றார்கள். விவசாயிகள் பக்கம் நின்றவர்கள் அரசாங்கத்தின் கையில் வேண்டும் என்றார்கள். வில்சன் இரண்டையும் சேர்த்தார். 12 வட்டார வங்கிகள், அவற்றுக்கு மேலே வாஷிங்டனில் அரசு நியமிக்கும் வாரியம். இன்று வட்டி விகிதத்தை ஃபெட் கால் சதவீதம் கூட்டினால் மும்பை பங்குச்சந்தை ஆடுகிறது என்றால் அதன் வேர் இங்கே இருக்கிறது. ரயில்வே தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை, குழந்தைத் தொழிலுக்குத் தடை (இரண்டே வருடத்தில் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது), உச்ச நீதிமன்றத்துக்கு முதல் யூத நீதிபதியாக லூயி பிராண்டைஸ். பட்டியல் இன்னும் நீளம்.

ஆட்சிக்கு வந்த அதே மாதங்களில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. தபால் அமைச்சர் பர்லசன், நிதி அமைச்சர் மெக்காடூ இருவரும் தங்கள் அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்கார வைக்க ஆரம்பித்தார்கள். தனி மேசை, தனிக் கழிப்பறை, தனிச் சாப்பாட்டு இடம். பல வருடங்களாக ஒரே அறையில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள் இவர்கள். ஒரு கறுப்பின குமாஸ்தாவின் வேலை தனியே பிரிக்க முடியாத வேலை என்பதால் அவரைச் சுற்றிக் கூண்டு கட்டினார்கள் என்று கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் வில்சனுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் குறிப்பிடுகிறார். 1914-லிருந்து அரசு வேலைக்கு விண்ணப்பிப்பவர் புகைப்படம் ஒட்ட வேண்டும் என்று விதி வந்தது. எதற்கு என்று சொல்லவே வேண்டாம். இதே டுபாய்ஸ் 1912-ல் வில்சனுக்கு ஓட்டுப் போடச் சொன்னவர். அந்தத் தேர்தலில் கறுப்பினத் தலைவர்கள் சிலர் லிங்கனின் கட்சியை விட்டு இவர் பக்கம் வந்தார்கள். முழு நியாயம் கிடைக்கும் என்று வில்சன் எழுத்திலேயே கொடுத்திருந்தார்.

1914 நவம்பர் 12-ம் தேதி பாஸ்டன் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் மன்றோ ட்ராட்டர் ஒரு குழுவோடு வெள்ளை மாளிகைக்கு வந்தார். ஹார்வர்டில் படித்தவர், வாய்க்கு அஞ்சாதவர். இரண்டு வருடம் முன்னால் உங்களை இரண்டாம் லிங்கன் என்றார்கள், இன்று உங்களை ஆதரித்த எங்களைத் துரோகி என்கிறார்கள் என்று நேருக்கு நேர் கேட்டார். பிரித்து வைப்பது அவமானமில்லை, உங்களுக்கு நன்மைதான், அப்படித்தான் நீங்கள் அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் வில்சன். ட்ராட்டர் விடவில்லை. வில்சனுக்கு முகம் சிவந்துவிட்டது. இந்தக் குழு இன்னொரு முறை என்னைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு ஆளைப் பேச விடுங்கள், உங்கள் தோரணை எனக்குப் பிடிக்கவில்லை என்றார். எந்த விதத்தில் என்று கேட்டார் ட்ராட்டர். உங்கள் குரலில் ஆவேசம் இருக்கிறது என்றார் வில்சன். ஆவேசம் இல்லை ஐயா, என் அக்கறையை நீங்கள் ஆவேசம் என்று நினைக்கிறீர்கள் என்றார் ட்ராட்டர்.

இந்த உரையாடலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்தக் காலத்து இனவாதம் மட்டும் தெரிவதில்லை. சொல்வதற்குப் பதில் இல்லாதபோது சொன்ன விதத்தைப் பிடித்துக்கொள்ளும் வாத்தியார் தெரிகிறார். அந்தக் கால மனிதர், அப்படித்தான் இருந்திருப்பார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ட்ராட்டரும் டுபாய்ஸும் அதே காலத்து மனிதர்கள்தானே.

போருக்கு வருவோம். 1914 ஆகஸ்டில் ஐரோப்பா பற்றி எரிய ஆரம்பித்த வாரத்தில்தான் வில்சனின் மனைவி எலன் இறந்தார். (அடுத்த வருடம் டிசம்பரில் எடித் கால்ட் என்ற விதவையை மணந்தார். இந்தப் பெண்மணி பிறகு கதையில் பெரிய இடம் பிடிக்கிறார்.) நடுநிலை என்று அறிவித்தார். 1915 மே மாதம் லூசிடேனியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்ததில் அமெரிக்கர்கள் 128 பேர் செத்தும் போருக்குப் போகவில்லை. ‘நம்மைப் போரிலிருந்து காத்தவர்’ என்ற கோஷத்தோடு 1916 தேர்தலில் மயிரிழையில் ஜெயித்தார். கலிஃபோர்னியாவில் நான்காயிரத்துக்கும் குறைவான வாக்கு அந்தப் பக்கம் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். இரண்டாம் முறை பதவியேற்பதற்குள்ளேயே ஜெர்மனி எந்தக் கப்பலையும் விடமாட்டேன் என்றது, மெக்சிகோவைத் தூண்டிவிடப் பார்த்த ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மானின் தந்தியும் வெளியானது. பதவியேற்று ஒரு மாதம்கூட முழுதாகப் போகவில்லை, 1917 ஏப்ரல் 2-ம் தேதி காங்கிரஸில் போர் கேட்டுப் பேசினார். உலகம் ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக வேண்டும் என்ற வரி அந்தப் பேச்சில்தான் வருகிறது. சென்னையில் சுப்பிரமணிய ஐயர் கையில் பேனாவை எடுக்க வைத்ததும் அந்தப் பேச்சுதான்.

அதே நேரத்தில் மெக்சிகோவிலும் ஹெய்ட்டியிலும் டொமினிகன் குடியரசிலும் அமெரிக்கப் படையை இறக்கியவரும் இவர்தான் என்பது ஐயருக்குத் தெரிந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு.

போர்க்கால அமெரிக்காவைப் பற்றி ஒரு படம் எல்லோருக்கும் பிடிக்கும். புல் வெட்டும் ஆட்களை மிச்சம் பிடிக்க வெள்ளை மாளிகைப் புல்வெளியில் செம்மறி ஆடுகளை மேய விட்டார்கள். கம்பளியை ஏலம் விட்டு ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். பார்க்க அழகாக இருக்கும். அந்தப் புல்வெளிக்கு வெளியே, கேட் அருகே, 1917 ஜனவரியிலிருந்து வாக்குரிமை கேட்ட பெண்கள் பதாகையோடு பேசாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். உண்ணாவிரதம் இருந்த ஆலிஸ் பாலுக்குக் குழாய் விட்டு வலுக்கட்டாயமாக உணவு செலுத்தினார்கள். 1918 செப்டம்பர் கடைசியில் வில்சனே செனட்டுக்குப் போய் அவர்களுக்காகப் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும். சும்மா வரவில்லை, வரவழைத்தார்கள்.

போரை எதிர்த்துப் பேசினால் குற்றம் என்று 1917-லும் 1918-லும் இரண்டு சட்டங்கள் வந்தன. 1912-ல் வில்சனை எதிர்த்து நின்ற சோசலிஸ்ட் யூஜின் டெப்ஸ், ஓஹையோவில் கான்டன் என்ற ஊரில் ஒரு கூட்டத்தில் பேசியதற்குப் பத்து வருடச் சிறை. அட்லாண்டா ஜெயிலில் இருந்துகொண்டே 1920-ல் மறுபடி அதிபர் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். போர் முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, உடம்பு சரியில்லாத கிழவரை விட்டுவிடலாம் என்று அட்டர்னி ஜெனரலே எழுதி அனுப்பியும் வில்சன் மறுத்தார். பின்னால் வந்த ஹார்டிங்தான், நாம் உதவாக்கரை அதிபர்கள் வரிசையில் வைக்கிற அதே ஹார்டிங்தான், 1921 கிறிஸ்துமஸுக்கு டெப்ஸை வீட்டுக்கு அனுப்பினார்.

1918 ஜனவரி 8-ம் தேதி வந்தது 14 அம்சத் திட்டம். ரகசிய ஒப்பந்தம் கூடாது, கடலில் எல்லோருக்கும் சுதந்திரம், போலந்துக்குத் தனி நாடு, கடைசியாக நாடுகளெல்லாம் சேரும் சர்வதேச சங்கம் ஒன்று. காலனிகளைப் பற்றிய ஐந்தாவது அம்சத்தை வக்கீல் கண்ணோடு படித்தால் விஷயம் புரியும். ஆளப்படும் மக்களின் நலனுக்கும் ஆளும் அரசின் உரிமைக்கும் சமமான எடை தர வேண்டும் என்றுதான் இருக்கிறது. விடுதலை தருவதாக எங்கும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதமே சுயநிர்ணயம் என்பதை இனி எந்த அரசும் உதறித் தள்ள முடியாத கொள்கை என்று முழங்கினார். கெய்ரோவிலும் சியோலிலும் டெல்லியிலும் கேட்டது அந்த முழக்கம்தான். அவருடைய சொந்த வெளியுறவு அமைச்சர் லான்சிங், இதில் வெடிமருந்து நிரம்பிக் கிடக்கிறது, நிறைவேறாத ஆசைகளை இது கிளப்பிவிடும் என்று டைரியில் எழுதி வைத்தார். லான்சிங் கெட்டிக்காரர்.

போர் முடிந்தது. பாரிஸில் நடக்கவிருந்த சமாதான மாநாட்டுக்காக 1918 டிசம்பரில் வில்சன் கப்பலேறினார். பதவியில் இருக்கும்போது ஐரோப்பா போன முதல் அமெரிக்க அதிபர். பாரிஸில் திரண்ட கூட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படி ஒரு கூட்டத்தை முன்பு பார்த்ததில்லை என்றார்கள். அதே டிசம்பரில் டெல்லியில் கூடிய இந்திய காங்கிரஸ், சுயநிர்ணயக் கொள்கை இந்தியாவுக்கும் பொருந்த வேண்டும் என்று தீர்மானம் போட்டு, சமாதான மாநாட்டுக்குத் திலகர், காந்தி, ஹசன் இமாம் மூவரையும் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுத்தது. திலகர் லண்டனில்தான் இருந்தார். பாரிஸுக்குப் போக பாஸ்போர்ட் தரவில்லை. அவர் வில்சனுக்கு எழுதிய கடிதத்துக்குச் செயலரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது: உரிய காலத்தில் உரியவர்கள் கவனிப்பார்கள். அரசு அலுவலகத்தில் மனு கொடுத்துப் பழகிய யாருக்கும் இதன் அர்த்தம் தெரியும். கடைசியில் வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியாவின் பெயரில் கையெழுத்திட்டவர்கள் மாண்டேகுவும் பிகானீர் மகாராஜாவும். ஐயரின் கடிதத்தை வெட்கக்கேடு என்ற அதே மாண்டேகு.

பாஸ்போர்ட் கிடைக்காத இன்னொருவர் ட்ராட்டர். கறுப்பின மக்கள் சார்பாக பாரிஸில் பேச அவரை அனுப்ப முடிவாகியிருந்தது. அமெரிக்க அரசு அனுமதி மறுத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரராக வேலைக்குச் சேர்ந்தார். ஹார்வர்ட் பட்டதாரி, வயது 47, கப்பல் அடுப்படியில் வெந்துகொண்டே அட்லாண்டிக்கைக் கடந்து லெ ஹாவ்ர் துறைமுகத்தில் இறங்கி பாரிஸ் போய்ச் சேர்ந்தார். வில்சன் பார்க்கவில்லை. கடிதங்கள் எழுதினார், பிரெஞ்சுப் பத்திரிகைகளில் பேசினார், திரும்பினார்.

ட்ராட்டர் போய்ச் சேர்வதற்குள் முக்கியமான காரியம் ஒன்று முடிந்துவிட்டிருந்தது. சர்வதேச சங்கத்தின் சாசனத்தில் எல்லா நாட்டு மக்களும் சமம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று ஜப்பான் கேட்டது. 1919 ஏப்ரல் 11-ம் தேதி ஓட்டெடுப்பு. 17 பேரில் 11 பேர் ஆதரவு. தலைமை நாற்காலியில் இருந்தவர் வில்சன். பலத்த எதிர்ப்பு இருப்பதால் ஏகமனதாக இருந்தால்தான் செல்லும் என்று சொல்லி முடித்துவிட்டார். ஆஸ்திரேலியப் பிரதமர் ஹ்யூஸ் குதித்துக்கொண்டிருந்தார், பிரிட்டன் அவர் பக்கம் நின்றது, வில்சனுக்குத் தன் ஊர் தென்னக செனட்டர்களின் பயம். காரணங்கள் உண்டு. இரண்டு நாள் கழித்து அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக். அதே மாதம் எகிப்து பிரிட்டனின் பாதுகாப்பில் இருப்பதை அமெரிக்கா அங்கீகரித்தது. மாத இறுதியில் சீனாவின் ஷான்டுங்கை ஜப்பானுக்கே விட்டுக்கொடுத்தார்கள். மே 4-ல் பீக்கிங் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அயர்லாந்துக்காகப் பேச வந்த குழுவிடம் வில்சன் பிறகு ஒப்புக்கொண்டார்: அந்த வார்த்தைகளைச் சொன்னபோது இத்தனை இனங்கள் உலகில் இருப்பது எனக்குத் தெரியாது, நாள்தோறும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

நேர்மையான பேச்சுதான். ஆனால் வரலாற்றுப் பேராசிரியர் சொல்லும் பேச்சா இது?

அமெரிக்காவில் அவருக்குக் காத்திருந்தவர் செனட்டர் ஹென்றி கபாட் லாட்ஜ். இவரும் முனைவர் பட்டக்காரர், ஹார்வர்ட். வேடிக்கை என்னவென்றால் 1879-ல் மாணவர் வில்சன் எழுதிய கட்டுரையைத் தன் பத்திரிகையில் போட்டவர்களில் ஒருவர் இதே லாட்ஜ். நாற்பது வருடத்தில் இருவருக்கும் முகத்தில் விழிக்கப் பிடிக்காது. சர்வதேச சங்கத்தின் சாசனத்தையும் உள்ளடக்கிய வெர்சாய் ஒப்பந்தம் நிறைவேற செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்; செனட் குடியரசுக் கட்சி கையில். அப்படியிருந்தும் பாரிஸுக்கு ஒரு செனட்டரைக்கூட வில்சன் அழைத்துப் போகவில்லை. சங்கத்தின் பத்தாவது ஷரத்து உறுப்பு நாடுகளைத் தாக்குதலிலிருந்து காப்பதாக உறுதி சொல்கிறது. அதன்படி காங்கிரஸின் அனுமதி இல்லாமல் அமெரிக்கச் சிப்பாய் சண்டைக்குப் போக வேண்டியிருக்குமா என்று லாட்ஜ் கேட்டார். அவருடைய உள்நோக்கம் எதுவாக இருந்தாலும் கேள்வி நியாயமான கேள்வி. 14 நிபந்தனைகள் போட்டார். பிரிட்டனும் பிரான்ஸும் அந்த நிபந்தனைகளோடு அமெரிக்கா வந்தாலே போதும் என்ற மனநிலையில் இருந்தன. வில்சன் ஒன்றுக்கும் மசியவில்லை.

மக்களிடமே பேசிவிடுகிறேன் என்று 1919 செப்டம்பர் 3-ம் தேதி ரயில் ஏறினார். மூன்று வாரம், எண்ணாயிரம் மைல், நாற்பதை ஒட்டிய பேச்சுகள், பெரும்பாலும் மைக் இல்லாமல். டாக்டர் கேரி கிரேசன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். 1906-லேயே ஒரு நாள் காலை எழுந்தபோது இடது கண் தெரியாமல் போனவர் இவர். 25-ம் தேதி கொலராடோவில் ப்யூப்ளோவில் பேசினார். இரவு தலைவலி தாங்க முடியவில்லை. ரயிலைத் திருப்பினார்கள். அக்டோபர் 2-ம் தேதி வெள்ளை மாளிகையில் பக்கவாதம். இடது பக்கம் விழுந்துவிட்டது.

அடுத்து நடந்ததை நாவலில் எழுதினால் நம்ப மாட்டோம். நரம்புத் தளர்ச்சி என்று ஊருக்குச் சொன்னார்கள். எடித்தைத் தாண்டி ஒரு காகிதம் உள்ளே போகாது. எது கணவர் பார்வைக்குப் போக வேண்டும், எது வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். துணை அதிபர் மார்ஷல் பொறுப்பேற்கத் துணியவில்லை. அரசியல் சட்டமும் தெளிவாக இல்லை. டிசம்பரில் செனட் இரண்டு பேரை அனுப்பியது. சமாச்சாரம் பேச என்று பெயர், ஆள் தெளிவாக இருக்கிறாரா என்று பார்க்கத்தான். இடது கையைப் போர்வைக்குள் மறைத்து வில்சனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். உங்களுக்காக எல்லோரும் பிரார்த்தனை செய்கிறோம் என்றார் செனட்டர் ஃபால். எந்தப் பக்கத்துக்கு, செனட்டர் என்று கேட்டார் வில்சன். வாய் மட்டும் கடைசிவரை பழுதாகவில்லை. அமைச்சரவையைத் தன்னைக் கேட்காமல் கூட்டினார் என்று லான்சிங்கை அடுத்த பிப்ரவரியில் வீட்டுக்கு அனுப்பினார். அதிபரால் இயலாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு 25-வது திருத்தம் 1967-ல்தான் வந்தது.

1920 மார்ச் 19-ம் தேதி லாட்ஜின் நிபந்தனைகளோடு ஒப்பந்தம் கடைசியாக ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 49, எதிர்ப்பு 35. இன்னும் ஏழு பேர் இந்தப் பக்கம் மாறியிருந்தால் செனட்டில் நிறைவேறியிருக்கும். நிபந்தனையோடு வேண்டாம், எதிர்த்துப் போடுங்கள் என்று தன் கட்சிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியவர் வில்சன். அப்படியும் அவர்களில் பலர் அவர் பேச்சைக் கேட்காமல் ஆதரித்தார்கள், போதவில்லை. அந்த வருடம் டிசம்பரில் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு அறிவித்தார்கள். 1924 பிப்ரவரி 3-ம் தேதி வாஷிங்டன் எஸ் தெரு வீட்டில் இறந்தார். சுப்பிரமணிய ஐயரும் காலமானது அதே வருடம்தான்.

அமெரிக்கா உள்ளே வந்திருந்தால் ஹிட்லர் வந்திருக்க மாட்டான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 1930-களில் அமெரிக்கா இருந்த மனநிலையில் பத்தாவது ஷரத்தை வைத்து என்ன செய்திருக்கும்? ஆனால் 1945-ல் ஐ.நா.வைக் கட்டியவர்கள் வில்சன் சறுக்கிய இடங்களை நன்றாகப் பார்த்து வைத்திருந்தார்கள். சான்ஃபிரான்சிஸ்கோ மாநாட்டுக்குப் போன அமெரிக்கக் குழுவில் இரண்டு கட்சி செனட்டர்களும் இருந்தார்கள்.

பிராக் நகரத்தின் பிரதான ரயில் நிலையத்துக்கு முன்னால் வில்சனுக்கு 1928-ல் சிலை வைத்தார்கள். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே அவர் பேச்சிலிருந்து வந்ததாக அங்கே நினைப்பு. 1941-ல் நாஜிகள் பெயர்த்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி வைத்தார்கள். பிரின்ஸ்டனில் 2015-ல் கறுப்பின மாணவர்கள் தலைமையில் ஒரு கூட்டம் பல்கலைக்கழகத் தலைவரின் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அவர் பெயரை எடுங்கள் என்றது. கறுப்பினத்தவர் பிரின்ஸ்டனில் சேருவது உசிதமே இல்லை என்று 1909-ல் பதில் எழுதியவர் வில்சன். ஐந்து வருடம் கழித்து, 2020 ஜூனில், பொதுக் கொள்கைக் கல்லூரியிலிருந்து பெயரை எடுத்தார்கள். அவருடைய இனவாதம் அவர் காலத்து அளவுகோலிலேயே அதிகம் என்று பல்கலைக்கழகத் தலைவர் காரணம் சொன்னார். ஜெனீவாவில் சர்வதேச சங்கம் முதலில் குடியிருந்த மாளிகைக்கு இன்றும் வில்சன் பெயர்தான். ஐ.நா.வின் மனித உரிமை அலுவலகம் 1998-ல் அங்கேதான் குடிபுகுந்தது.

என்னிடம் கேட்டால் பிராகில் சிலை வைத்ததற்கும் கை தூக்குவேன், பிரின்ஸ்டனில் பெயரை எடுத்ததற்கும் கை தூக்குவேன். ஜெனீவா மாளிகை விஷயத்தில் மட்டும் 1919 ஏப்ரல் 11-ம் தேதி நடவடிக்கைக் குறிப்பை எடுத்து வரச் சொல்லி, ஒரு தடவை படித்துவிட்டு முடிவெடுப்பேன்.